சத்தம் போடாத கொம்பியூட்டருக்குச் சிக்கனமான கேசிங்: வன்னியில் வாங்குபவர்களுக்கு

பகலில் கொம்பியூட்டரின் இரைச்சலை யாரும் கவனிப்பதில்லை. மேலே சீலிங் ஃபான் சுற்றும், ஒழுங்கையில் லான்ட்மாஸ்டர் போகும், பக்கத்து வீட்டு ரீவி கேட்கும். இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் விஷயம் தெரியவரும். ஹோலின் ஒரு பக்கத்தில் அம்மாவும் தங்கச்சியும் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். மறுபக்கத்தில் ஏ.எல். படிக்கிற பிள்ளை கொம்பியூட்டரைப் போட்டால் அந்த இரைச்சல் வீடு முழுக்கக் கேட்கும். அறிவியல் நகர்ப் பக்கம் அறை எடுத்து மூன்று பேராகத் தங்கியிருக்கும் பொறியியல் பீட மாணவர்களுக்கும், வீட்டிலிருந்து குரல் பதிவு செய்து யூரியூப்பில் போடுகிறவர்களுக்கும் இதே தலையிடிதான்.

முதன்முதலாகப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் காசு மட்டுமட்டு, ஆனால் சத்தம் குறைவாக இருக்க வேண்டும். இப்படிக் கேட்டால் இணையத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தடித்த தகடு, உள்ளே பஞ்சு ஒட்டிய கதவு, முன்பக்கம் முழுக்க மூடிய கேசிங் (பாகங்களைப் பூட்டுகிற வெளிப்பெட்டி). அதை எழுதுகிறவர்களின் அறை வெப்பம் 20, 22 பாகை. எங்களுக்குப் பங்குனி, சித்திரையில் சீற் போட்ட கூரைக்குக் கீழே பின்னேரம் 35 பாகையைத் தொடும். உள்ளே வருகிற காற்றே அவ்வளவு சூடு என்றால் கொம்பியூட்டரின் மூளையான புரொசசரும் அந்த அளவுக்குக் கூடத்தான் சுடும், விசிறிகளும் அதற்கேற்ப வேகம் பிடிக்கும். மூடிய கேசிங்கில் அந்த இரைச்சலைப் பஞ்சால் அடக்க முடியாது. அடுப்படிக்குப் புகைபோக்கி வைக்காமல் கதவைச் சாத்திய மாதிரித்தான். வன்னி வெயிலில் சத்தம் குறைய வேண்டுமென்றால் கேசிங் நன்றாகக் காற்றை இழுக்க வேண்டும். பெரிய விசிறிகள் மெதுவாகச் சுற்ற வேண்டும். அப்படிப்பட்ட கேசிங் பெரும்பாலும் விலை குறைந்ததாகவே இருப்பது எங்கள் அதிர்ஷ்டம்.

சத்தம் வருகிற இடங்கள்

கேசிங் தானாகச் சத்தம் போடாது. உள்ளே இருப்பவற்றின் சத்தத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஆகவே எவை சத்தம் போடுகின்றன என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

முதற் குற்றவாளி விசிறி. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை மனதில் வைத்தால் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள் சேர்ந்து ஓடும்போது கூடுவது 3 டெசிபெல்தான். இவற்றைச் சேர்த்துப் பாருங்கள்: ஒன்றை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதிலாக மூன்றைப் பாதி வேகத்தில் ஓட்டினால் கணக்குப்படி காற்று ஒன்றரை மடங்கு, சத்தம் 10 டெசிபெல் அளவுக்குக் குறைவு. அளவும் முக்கியம். பழைய கேசிங்குகளின் 80 மில்லிமீற்றர் விசிறி, 120 மில்லிமீற்றர் விசிறி தருகிற காற்றைத் தர வேண்டுமென்றால் பல மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். அப்போது வருகிற கீச்சுச் சத்தம் காதுக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்தது ஹாட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் செக்கனுக்கு 120. அந்த அதிர்வு திருகாணி வழியாகக் கேசிங் தகட்டுக்குப் போய், தகடு முழுவதும் முனகத் தொடங்கும். மெல்லிய தகட்டில் இது பக்கத்து அறைவரை கேட்கும். இதற்கு மிகச் சுலபமான மருந்து ஹாட் டிஸ்க்கே இல்லாமல், சிப்பில் சேமிக்கிற எஸ்எஸ்டி மட்டும் போடுவது. எஸ்எஸ்டியில் அசைகிற பாகம் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. படங்கள், பதிவுகள் என்று கனக்கச் சேமிக்கிறவர்கள் ஹாட் டிஸ்க்கை வெளியே யூஎஸ்பி வயரில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் போடலாம்.

எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைக்குள்ளும் ஒரு விசிறி இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். சில கிராபிக்ஸ் கார்ட்களிலும் மலிவான பவர் சப்ளைகளிலும் மின்சுருள்கள் மெல்லிதாகக் கீச்சிடும். அதற்கு எந்தக் கேசிங்கும் மருந்தில்லை.

முதலில் உள்ளே போவதை முடிவு செய்யுங்கள்

கேசிங்கை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் அடங்குகிற பாகத்தைத் தேடித் திரியாதீர்கள். மற்றப் பாகங்களெல்லாம் செருகுகிற பலகையான மதர்போர்ட் எந்த அளவு என்று பாருங்கள். முழு ஏடிஎக்ஸ் என்றால் 305க்கு 244 மில்லிமீற்றர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. குறைந்த செலவில் பூட்டுகிறவர்களுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ்தான் சரி. மினி ஐடிஎக்ஸ் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் மதர்போர்ட்டும் கேசிங்கும் விலை கூட. சின்ன இடத்துக்குள் சூடும் கூட. சத்தமில்லாத மெஷினுக்கு அது நேர் எதிர்த் திசை.

மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்ட்டை முழு ஏடிஎக்ஸ் கேசிங்கிலும் பூட்டலாம். ஆகவே இரண்டு அளவும் ஒரே விலைக்குக் கிடைத்தால் பெரியதை எடுங்கள். முன்பக்கம் இரண்டு மூன்று விசிறிக்கு இடம் கிடைக்கும், கை போட்டு வேலை செய்யவும் வசதி.

படிப்பு, அலுவலக வேலை, படம் பார்ப்பது, கொஞ்சம் வீடியோ எடிட்டிங் என்றால் தனி கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 65 வாட் புரொசசர் போதும். இந்த முடிவு சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதை எந்தக் கேசிங்காலும் ஈடுசெய்ய முடியாது. கேம் விளையாடத்தான் வேண்டும் என்றால் கார்ட்டின் நீளத்தை அளந்துகொண்டு போங்கள். கேசிங் பெட்டியில் எவ்வளவு நீளக் கார்ட் அடங்கும் என்று அச்சிட்டிருக்கும்.

புரொசசரைக் குளிர்விக்க அதோடு பெட்டியில் வருகிற சின்னக் கூலர் வேலை செய்யும், ஆனால் எங்கள் வெயிலில் அது பெரும்பாலும் வேகமாகத்தான் சுற்றும். 120 மில்லிமீற்றர் விசிறி வைத்த உயரமான கூலர் ஒன்று போட்டால் நிம்மதி. அவை ஏறக்குறைய 150 முதல் 160 மில்லிமீற்றர் உயரம். அகலம் 200 மில்லிமீற்றருக்குக் குறைந்த கேசிங்கில் பெரும்பாலும் அடங்காது, கதவு பூட்டாது. எவ்வளவு உயரக் கூலர் அடங்கும் என்ற எண்ணைப் பெட்டியில் தேடிப் பாருங்கள். 160 என்று இருந்தால் பயமில்லை.

முன்பக்கம்

இதில் கொஞ்சம் நேரம் எடுங்கள். கேசிங்கின் விலை, அழகு, பெயர் எல்லாவற்றையும்விட முன்பக்கம்தான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது.

கடை அலுமாரியில் வரிசையாக இருப்பவற்றில் பாதிக்குமேல் முன்பக்கம் கண்ணாடி அல்லது பளபளப்பான பிளாஸ்டிக். அதற்குப் பின்னால் மூன்று கலர் விசிறி சுற்றும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள்: கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் எவ்வளவு வெளி இருக்கிறது? சின்ன விரல் நுனிகூடப் போகாத வெளி என்றால் அந்த மூன்று விசிறியும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்துதான் காற்றை உறிஞ்சப் போகின்றன. காற்று குறைகிறது, சூடு ஏறுகிறது, புரொசசர் விசிறி கத்துகிறது. ஒடுங்கிய வெளியால் காற்று இழுபடுகிற சீற்றமும் தனியாகக் கேட்கும்.

தேட வேண்டியது முன்பக்கம் முழுவதும் சின்னத் துளை போட்ட தகடு அல்லது வலை. கடையில் கைபேசி லைற்றை உள்ளிருந்து அடித்து முன்னால் நின்று பாருங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும். துளைகள் இருந்தும் வெளிச்சம் வராவிட்டால், பின்னால் பிளாஸ்டிக் தட்டு அடைத்துக்கொண்டிருக்கிறது. அது வெறும் சோடனை. விற்பவருக்கு இந்தச் சோதனை பிடிக்காது, பரவாயில்லை.

"வலை போட்ட முன்பக்கம் என்றால் சத்தம் வெளியே வராதா?" என்று கேட்பார்கள். வரும். ஆனால் மெதுவாகச் சுற்றுகிற விசிறியிலிருந்து வெளியே வருவதற்குப் பெரிய சத்தம் இருக்காது.

பக்கக் கதவு கண்ணாடியா தகடா என்பது சத்தத்துக்குப் பெரிதாக வித்தியாசம் செய்யாது. நான் தகட்டையே சொல்வேன். விலை குறைவு, பஸ்ஸில் கொண்டுவரும்போது நொறுங்காது.

விசிறியும் அதன் வயரும்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடையில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"தம்பி, இதில நாலு ஃபான் ஃப்ரீயா வருது. உதில ஒண்டுதான்."

"அண்ணை, அந்த ஃபான் வயரை ஒருக்காப் பாக்கலாமோ?"

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கதவைக் கழற்றி விசிறியின் வயர் நுனியைப் பாருங்கள். நாலு தடித்த பின் போகிற வெள்ளை மொலெக்ஸ் நுனி, அதாவது பழைய ஹாட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுத்த அதே வகை, இருந்தால் அந்த விசிறி எப்போதும் 12 வோல்ட்டில் முழு வேகத்தில்தான் சுற்றும். உங்களால் குறைக்க முடியாது. ஆறு பின் உள்ள தனி நுனியோடு ஒரு சின்னப் பெட்டியில் போய்ச் சேருகிற கலர் விசிறிகளில் பலவும் இப்படித்தான். ரிமோட்டில் நிறம் மாறும், வேகம் மாறாது. மதர்போர்ட்டில் நேரே செருகுகிற மூன்று பின் அல்லது நாலு பின் சின்ன நுனி என்றால் நல்லது. மூன்று பின்னில் வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கலாம். நாலு பின்னில் கட்டுப்பாடு இன்னும் துல்லியம்.

ஆகவே அந்த "நாலு ஃபான் ஃப்ரீ" உண்மையில் நாலு தலையிடி ஃப்ரீ. ஒரே ஒரு விசிறியோடு வருகிற, முன்பக்கம் வலை போட்ட மலிவான கேசிங்கை எடுத்து, மிச்சக் காசில் நாலு பின் உள்ள 120 மில்லிமீற்றர் விசிறி இரண்டு தனியாக வாங்குவது நல்ல கொடுக்கல் வாங்கல். 140 மில்லிமீற்றருக்கு இடம் இருந்தால் அது இன்னும் நல்லது, ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் 120தான் சுலபமாகக் கிடைக்கும்.

விலை குறைந்த மதர்போர்ட்களில் புரொசசர் விசிறிக்கு ஒரு இடமும், கேசிங் விசிறிக்கு ஒன்று அல்லது இரண்டு இடமும்தான் இருக்கும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற வயர் விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடம் பொதுவாக ஒரு அம்பியர்வரை தாங்கும். சாதாரண 120 மில்லிமீற்றர் விசிறி அதில் மூன்றில் ஒரு பங்குகூட எடுக்காது. விசிறியில் ஒட்டியிருக்கும் லேபிளில் அம்பியரைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது முன்னால் இரண்டு உள்ளே தள்ளட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். காற்று விசிறியின் குறுக்குச் சட்டம் உள்ள பக்கத்தால் வெளியேறும். சந்தேகம் என்றால் ஒரு துண்டு ரிசுப் பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கூட இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் புழுதி. உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூட இருந்தால் இண்டு இடுக்குகளால் காற்று வெளியேதான் போகும். புழுதி வடிகட்டி வழியாக மட்டுமே வர முயலும்.

புழுதி என்ற பெரிய வில்லங்கம்

ஏ9 வீதியோரம் கடை வைத்திருப்பவருக்கும், ஒட்டுசுட்டான் பக்கம் கிறவல் றோட்டோரம் குடியிருப்பவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோழகம் வீசுகிற மாதங்களில் காலையில் துடைத்த மேசையில் பின்னேரம் பெயர் எழுதலாம். அரிவு வெட்டுக் காலத்தில் மெஷின் ஓடுகிற வயலுக்குப் பக்கத்து வீடுகளில் சுணை வேறு. இந்தப் புழுதி கூலரின் தகடுகளுக்கிடையில் பஞ்சுபோலப் படிந்துவிட்டால், எவ்வளவு நல்ல கேசிங் வாங்கியிருந்தாலும் சில மாதத்தில் சத்தம் திரும்பி வரும்.

இன்னொன்றும் உண்டு. நுளம்புத்திரிப் புகையும் சாம்பிராணிப் புகையும் விசிறி இதழில் பிசினாகப் படியும், அதன்மேல் புழுதி ஒட்டினால் தூரிகைக்கு வராது. நுளம்புத்திரியைக் கேசிங்கின் முன்பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

கேசிங்கில் பார்க்க வேண்டியது வடிகட்டி இருக்கிறதா என்பதோடு, அது எப்படிக் கழலுகிறது என்பதும்தான். காந்தத்தில் ஒட்டிக் கழல்வது, அல்லது இழுப்பறைபோல வெளியே வருவது நல்லது. முன்பக்கம் முழுவதையும் கழற்றி, நாலு பிளாஸ்டிக் பற்களை நெம்பி எடுக்க வேண்டியது என்றால் இரண்டாம் மாதத்தோடு நீங்கள் அதைத் தொடமாட்டீர்கள். மூன்றாம் முறை பல் முறியும். கடையிலேயே ஒருக்கால் கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

வடிகட்டி இல்லாத கேசிங் மிக மலிவாகக் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம். நுளம்பு வலைத் துணியை அளவாக வெட்டி உட்பக்கம் ஒட்டலாம். நுண்ணிய புழுதியை அது தடுக்காது, ஆனால் பஞ்சையும் பூச்சியையும் தடுக்கும், காற்றையும் பெரிதாக மறிக்காது. மெல்லிய துணி எதையும் போட்டுவிடாதீர்கள், காற்று நின்றுபோகும்.

மலிவான கேசிங்கின் பின்பக்கத்தில் கார்ட் செருகும் இடங்களைப் பாருங்கள். சிலவற்றில் அந்த மூடிகள் திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும், கழற்றித் திரும்பப் பூட்டலாம். மற்றவற்றில் முறித்து எடுக்க வேண்டும், எடுத்தால் அந்த ஓட்டை நிரந்தரம். பல்லியும் எறும்பும் குடிவருவது இந்த வழியால்தான். பவர் சப்ளை விசிறிக்குள் பல்லி போனால் சத்தத்தைவிடப் பெரிய வில்லங்கம் காத்திருக்கிறது.

கடையில் கையால் பார்க்க வேண்டியவை

பக்கக் கதவின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். தகரப் பேணிபோல நீளமாக ஒலித்தால் மெல்லிய தகடு. மட்டமாக அடங்கினால் பரவாயில்லை. மலிவானவற்றில் தகடு அரை மில்லிமீற்றர் அளவில் இருக்கும், நல்லவற்றில் 0.7, 0.8. ஹாட் டிஸ்க் வைக்காதவர்கள் அரை மில்லிமீற்றரோடு வாழலாம். கேசிங்கின் மேல் மூலைகள் இரண்டையும் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள், சட்டம் நெளிந்தால் வேண்டாம். உள் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள், கை வெட்டுகிற மாதிரி இருந்தால் வயரையும் வெட்டும்.

பின் விசிறிக்கு முன்னால் தகட்டிலேயே துளை போட்டிருப்பார்கள். துளை சின்னதாகவும் தகடு கூடவாகவும் இருந்தால் காற்று மோதி இரையும். பெரிய தேன்கூட்டு வடிவத் துளையோ கம்பி வலையோ நல்லது.

முன்பக்க யூஎஸ்பி வயர்களையும் பாருங்கள். யூஎஸ்பி 3 என்றால் பெரிய 19 பின் நுனி. உங்கள் மதர்போர்ட்டில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

பவர் சப்ளையோடு வருகிற கேசிங்

"கேசிங்கோடு 500 வாட் பவர் சப்ளையும் வருது" என்பது நாட்டின் எல்லாக் கடையிலும் கேட்கிற வாசகம். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்குங்கள்: 216 வாட். இன்றைய மெஷினில் புரொசசரும் கார்ட்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான், ஆகவே வெளியே எழுதியிருக்கும் 500ஐ மறந்துவிடலாம்.

இந்த வகைப் பவர் சப்ளைகள் பலவற்றில் 80 மில்லிமீற்றர் விசிறி எந்நேரமும் ஒரே வேகத்தில் இரையும். உங்கள் மெஷினில் மிகச் சத்தமான பாகம் அதுவாகத்தான் இருக்கும். பவர் சப்ளை இல்லாத கேசிங்கை எடுத்து, 80 பிளஸ் முத்திரை உள்ள, 120 மில்லிமீற்றர் விசிறி வைத்த ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அந்த முத்திரைக்குக் குறைந்தது 80 வீதத் திறன் வேண்டும். மிச்சம்தான் சூடாகப் போவது. சூடு குறைந்தால் அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும். கேசிங்கில் சிக்கனம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். ஏடிஎக்ஸ் அளவு வந்தது 1995இல். அதற்குப் பிறகு வந்த சாதாரண ஏடிஎக்ஸ் கேசிங்கில் இன்றைய மதர்போர்ட்டும் பூட்டலாம். மூடப்பட்ட கொமினிகேசன் கடைகளிலிருந்து வருகிற பழைய கேசிங்குகளில் தகடு இப்போதைய மலிவானவற்றைவிடத் தடிப்பாக இருப்பதுண்டு. ஆனால் பின்னால் 80 மில்லிமீற்றர் ஓட்டை மட்டும் இருந்தால் வேண்டாம். முன்னால் 120 பூட்ட இடம் இருக்க வேண்டும்.

இன்னொரு வழி, பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற அலுவலக மெஷினை முழுதாக வாங்குவது. கேம் விளையாடாதவர்களுக்கு இது நல்ல தெரிவு என்பது என் அபிப்பிராயம். பெரிய அலுவலகங்களுக்காகச் செய்தவை என்பதால் சத்தம் குறைவாகவே இருக்கும். ஆனால் அவற்றின் கேசிங்கைத் தனியாக எடுத்து வேறு மதர்போர்ட் பூட்டலாம் என்று நினைக்காதீர்கள். பவர் சப்ளையின் வடிவமும், முன்பக்க வயரின் நுனிகளும் பலவற்றில் அந்தந்தக் கம்பனியின் சொந்த அளவு.

கொழும்பிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு

பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் தெரிவு கூட. ஆனால் கேசிங் என்பது பெரிய, வெறுமையான பெட்டி. கூரியருக்கும் பஸ்ஸுக்கும் இடத்துக்குத்தான் காசு. விலை வித்தியாசம் போக்குவரத்துச் செலவைவிடக் கூடவா என்று முதலில் கணக்குப் பாருங்கள். மற்றப் பாகங்களைக் கொழும்பில் வாங்கி, கேசிங்கை மட்டும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ எடுப்பது பல வேளைகளில் புத்திசாலித்தனம்.

கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் வந்த மட்டைப் பெட்டியும் ரெஜிபோமும் அப்படியே இருக்கட்டும். கண்ணாடிக் கதவு என்றால் பஸ்ஸின் கீழ்ப் பெட்டியில் படுக்கப் போடாதீர்கள். அந்தக் கண்ணாடி நடுவில் தட்டினால் தாங்கும், விளிம்பில் பட்டால் ஒரே நொடியில் பொடியாகும். பூட்டிய மெஷினாக வருகிறது என்றால் உயரமான கூலரைக் கழற்றித் தனியாகக் கொண்டுவருவது பாதுகாப்பு.

பூட்டும்போது

முழுச் செய்முறையை இங்கே எழுதப்போவதில்லை, சத்தத்தோடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். தளர்ந்த திருகாணி எதுவும் இருக்கக்கூடாது. வயர்களை ரை போட்டுக் கட்டுங்கள். ஒரு வயர் விசிறி இதழில் உரசினால் வருகிற சத்தத்துக்கு எவரும் முதலில் விசிறியைத்தான் குற்றம் சொல்வார்கள்.

ஹாட் டிஸ்க் வைப்பவர்கள் பழைய சைக்கிள் ரியூப்பை நாணய அளவில் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஹாட் டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் இடையில் வொஷராக வையுங்கள். திருகாணியை இறுக்கி முறுக்காமல், ஆடாத அளவுக்கு மட்டும் பூட்டுங்கள். முனகல் நன்றாகக் குறையும். அதே ரப்பரைக் கேசிங்கின் நாலு காலுக்குக் கீழேயும் வைக்கலாம், மேசைப் பலகை சேர்ந்து அதிராது. பக்கக் கதவு கடகடத்தால் விளிம்பில் பஞ்சு ரேப் ஒட்டுங்கள்.

பிறகு பயோஸ், அதாவது மதர்போர்ட்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றுகிற திரை. அதற்குள் போய் விசிறிக் கட்டுப்பாட்டைத் தேடுங்கள். மதர்போர்ட் தானாக வைத்திருக்கிற கணக்கு பெரும்பாலும் எங்கள் அறை வெப்பத்துக்குப் பொருந்தாது. சும்மா இருக்கும்போதே புரொசசர் 45, 50 பாகையில் நிற்கும், அதைப் பார்த்து விசிறி பயந்து வேகமெடுக்கும். 55 பாகைவரை 35 வீதம், 70 பாகையில் 60 வீதம், 85 பாகையில் முழு வேகம் என்று தொடங்கிப் பாருங்கள். பிறகு உங்கள் காதுக்கும் வெப்பமானிக்கும் ஏற்றபடி மாற்றலாம். வேகம் மாறுவதைத் தாமதப்படுத்துகிற தெரிவு இருந்தால் சில செக்கன் கொடுங்கள். ஒரே சீராக இருக்கிற சத்தத்தைக் காது மறந்துவிடும். ஏறி இறங்குகிற சத்தம்தான் படுத்திருப்பவரை எழுப்பும்.

வைக்கிற இடம்

நிலத்தில் வைக்காதீர்கள். விளக்குமாறு கூட்டுகிற புழுதி முழுவதும் கீழ் வழியாகப் பவர் சப்ளைக்குள் போகும். மேசைக்குக் கீழே ஒரு சின்ன முக்காலியில், காதிலிருந்து தள்ளி, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு வைத்தால் போதும். அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டாம்.

வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நின்று கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறதா? உங்கள் பிளக்கில் ஏர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கிற வடிகட்டி வழியாக மிகச் சிறிய கரண்ட் தகட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. இரண்டு பின் எடப்டரைக் கழற்றிவிட்டு, வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு ஏர்த்தைச் சரிபாருங்கள். சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் தகட்டுக் கேசிங் வாங்கச் சொன்னவன் இதையும் சொல்ல வேண்டும்.

வடிகட்டியைச் சோழகக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், மாரியில் மாதத்துக்கு ஒருக்கால் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். உள்ளே பெயின்ற் தூரிகையால் தட்டுங்கள். ரயர் கடைக் கொம்பிரசரால் ஊதாதீர்கள், அதற்குள் தண்ணீர் நிற்கும். எதால் ஊதினாலும் விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது கண்டபடி சுற்றி பெயாரிங் கெட்டுவிடும்.

துப்புரவு செய்த பிறகும் சத்தம் குறையவில்லை என்றால், எது என்று கண்டுபிடிப்பது சுலபம். மெஷின் ஓடும்போது கேசிங் விசிறிகளின் வயரை மதர்போர்ட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஒரு நிமிடத்துக்குக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது கரகரப்பு நிற்கிறதோ அதன் பெயாரிங் போய்விட்டது. எல்லா 120 மில்லிமீற்றர் விசிறிக்கும் திருகாணி ஓட்டைகளுக்கு இடையில் 105 மில்லிமீற்றர்தான், ஆகவே எந்தக் கடையில் வாங்கினாலும் பழைய இடத்தில் பொருந்தும். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.